எண்பத்தொரு சதவீதம்

ஜூலை 4

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டாலே முனகுகிறது. உன் மாமா ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறார், நான் வேலை செய்யும் பள்ளியிலோ லிஃப்டே கிடையாது. நம் யோகம் அப்படி. உனக்குச் சளி விட்டதா? பாப்பா அழாமல் பள்ளிக்குப் போகிறாளா?

போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டாவது நிமிடமே நீ "மீட்டிங், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

பள்ளியில் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. பிள்ளைகள் எழுதும் கட்டுரையைப் போட்டால், எங்கிருந்து எடுத்தது என்று சிவப்பில் காட்டிக் கொடுத்துவிடும். ஆசிரியர் அறையில் அதற்கு மோப்பநாய் என்று பெயர். அது ஓடும் கணினிக்கு மேலே சுவரில் நீ எழுதிய கல்வி நேர்மைக் கையேட்டின் முதல் பக்கம், உன் படத்தோடு. எல்லோரிடமும் என் தம்பிதான் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

நேற்று அந்த மோப்பநாய் என் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பிடித்தது. அவளைப் பிள்ளைகள் டேப் என்று கூப்பிடுவார்கள், ஒருமுறை கேட்டதை அப்படியே திரும்பச் சொல்லுவாள். ஆறு ஏன் வளைகிறது என்று கட்டுரை எழுதியிருக்கிறாள். எண்பத்தொரு சதவீதம் சிவப்பு. எங்கிருந்து எடுத்தது என்ற இடத்தில் உன் பெயர் வந்தது. உன் முனைவர் பட்ட ஆய்வேடு, மூன்றாம் அத்தியாயம்.

கணினி ஆசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க வீட்டுச் சொத்தையே திருடிட்டாளே டீச்சர்" என்றார். நானும் சிரித்து வைத்தேன். அப்போதிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் அத்தியாயம் எப்படி வந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும். நான் என்ன சொல்லட்டும்? உடனே எழுது.

அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் சுகம். சளி போய்விட்டது. பாப்பா வாசல் வரை அழுகிறாள், உள்ளே போனதும் நிறுத்திவிடுகிறாள் என்று அவள் டீச்சர் சொல்கிறார். முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் பத்து பத்து நிமிடம் தேய்.

பதில் தாமதமாகிவிட்டது. துறைத்தலைவர் பதவிக்கு மூன்று பேர் பெயர் போயிருக்கிறது, அதில் நானும் ஒருவன். வேலை கழுத்தைப் பிடிக்கிறது.

மென்பொருள் விஷயத்தை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பதினைந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஏற்கலாம், நாற்பது வரை எச்சரிக்கை, அதற்கு மேலே விசாரணை என்று வைத்திருக்கிறோம். பள்ளி அளவில் கொஞ்சம் தளர்த்தலாம். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கண்டித்து, வேறு தலைப்பில் எழுத வை. எல்லா ஆய்வேடுகளையும் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று போன வருடம் பல்கலைக்கழகம் உத்தரவு போட்டது, அதனால்தான் இதெல்லாம் கண்ணில் படுகிறது.

உன் அலமாரி மேலே பழைய நோட்டுகள் அடுக்கி வைத்திருந்தாயே, இன்னும் இருக்கிறதா? அப்படிச் சேர்த்து வைத்தால் கரையான் வரும். மாமாவிடம் சொல்லி ஒழித்துவிடு.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

ஜூலை 27

அன்புத் தம்பிக்கு,

தைலம் வந்தது. வாசனை தூக்குகிறது, மாமா வேறு அறைக்குப் போய்விட்டார். வலி இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். சதவீதம் இருக்கிறது, உத்தரவு இருக்கிறது, கரையான்கூட இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய்.

வேறு தலைப்பில் எழுத வைக்க முடியாது. இந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. திருட்டு என்று முடிவானால் பூஜ்யம், பூஜ்யமானால் இந்த வருடம் அவள் பொதுத்தேர்வு எழுத முடியாது. அவளுடைய அம்மா துணி தேய்க்கும் கடையில் நிற்கிறவர். நேற்று வந்து தலைமை ஆசிரியை அறை வாசலில் ஒரு மணி நேரம் நின்றார். வீட்டில் இருப்பது பட்டன் போன், அதில் இணையம் கிடையாது.

அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அழவில்லை. அவளுக்குக் குழப்பம்தான். "நீங்க சொன்னதத்தான் மிஸ் எழுதினேன். ஒரு வார்த்தைகூட மாத்தல. மாத்தினாத்தானே தப்பு?" என்றாள்.

இத்தனை வருடமாக நான் குறிப்பு சொல்கிறேன், பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், அட்சரம் பிசகாமல் ஒப்பித்தவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டுத் தட்டிக் கொடுத்தவள் நான்தான். மற்ற பிள்ளைகள் எல்லோரும் இணையத்தில் எடுத்து, வார்த்தையைப் புரட்டிப் போட்டு, ஆறு சதவீதம் ஏழு சதவீதம் என்று சுத்தமாக வெளியே போய்விட்டார்கள். மாட்டியவள் இவள் ஒருத்தி.

நீ சொல்லமாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் படகில் போய்க் கோல் போட்டு ஆற்றை அளந்தவன் நீ. அந்த உழைப்பை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் உனக்கு எண் வரும், வாக்கியம் வராது. உன் வழிகாட்டி கடைசிக் கெடு கொடுத்ததும் என் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். என் வகுப்புக் குறிப்பை வைத்து, உன் எண்களைக் கோத்து, நாற்பது நாளில் அந்த அத்தியாயத்தை எழுதியவள் நான். "ஆறு வேண்டுமென்று வளைவதில்லை, இளகிய கரை இடம் கொடுக்கிறது, இறுகிய கரை மறுக்கிறது" என்பது என் வாக்கியம். உன் ஆய்வேட்டுக்கு முன்பே வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத்தான் அவள் எழுதியிருக்கிறாள்.

இந்த முறை பதில் எழுது.

அக்கா

ஆகஸ்ட் 1

அக்கா,

நலம். அவசரமாக எழுதுகிறேன். இதையெல்லாம் ஏன் எழுத்தில் வைக்கிறாய்? உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிட்டேன். இதையும் கிழித்துவிடு.

யோசித்தேன். ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அந்தப் பெண் வகுப்புக் குறிப்பிலிருந்து எழுதினாள் என்று சொல். குறிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தம்பியின் ஆய்வேட்டைப் படித்து அதிலிருந்து சொன்னேன் என்று சொல்லிவிடு. எல்லா ஆசிரியர்களும் செய்கிற காரியம், இதற்கு யாரும் உன்னைத் தூக்கில் போடமாட்டார்கள். எனக்கு அப்படி இல்லை. நேர்மைக் கையேட்டில் என் படம் இருக்கிறது. பட்டம் போனால் வேலை போகும், பாப்பா படிப்பு, வீடு எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

நோட்டுகளை என்ன செய்தாய் என்று நீ எழுதவில்லை.

தம்பி

ஆகஸ்ட் 23

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை, கைப்பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன். பேருந்தில் எடுத்துப் படிக்கிறேன், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் படிக்கிறேன். மூன்று வாரமாகப் பாலை அடுப்பில் வைத்தால் பொங்க விடுகிறேன். உன் மாமா இப்போது தானே காய்ச்சுகிறார், என்ன ஏது என்று கேட்கவில்லை.

கட்டுரையை முழுதாக அச்செடுத்துப் படித்தேன். கணினி ஆசிரியர் சிவப்பாக இருந்ததை மட்டும்தான் பார்த்திருக்கிறார். சிவப்பு இல்லாத பத்தொன்பது சதவீதத்தை யாரும் படிக்கவேயில்லை. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? "இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்." கொஞ்சம் தள்ளி, "கடைசி பெஞ்ச், ஜன்னலை மூடு." இன்னொரு பத்தி முடிவில், "இது தேர்வுக்கு நிச்சயம் வரும், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள்." நான் வகுப்பில் பேசியதை மூச்சு விடாமல் அப்படியே இறக்கி வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது.

அதைப் பள்ளி விசாரணைக் குழுவுக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். உன் ஆய்வேட்டில் ஜன்னலை மூடச் சொல்லும் இடம் எதுவும் இல்லை என்றேன். கணினி ஆசிரியருக்கே சிரிப்பு தாங்கவில்லை. தலைமை ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "சரி, பொண்ணு க்ளாஸ்ல கேட்டத எழுதியிருக்கா. நீங்க எங்கேருந்து எடுத்தீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன். முப்பத்தொன்றாம் தேதி மதிப்பெண் பட்டியல் போகிறது. அதற்குள் என் வாக்குமூலம் போகாவிட்டால் அவள் பெயருக்கு நேரே பூஜ்யம்.

நோட்டுகள் இருக்கின்றன. பாடக் குறிப்பு நோட்டில் வாராவாரம் தலைமை ஆசிரியர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் விதி, அது உனக்கும் தெரியும். அதனால்தானே கரையானைப் பற்றி அவ்வளவு கவலை. ஆறு வளைவது பற்றிய பாடம் இருக்கும் நோட்டில், உன் ஆய்வேட்டுக்கு ஐந்து வருடம் முந்தைய தேதி. பச்சை மையில் கையெழுத்து.

உன்னிடம் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. "அக்கா, அதை நீதான் எழுதினாய்" என்று எனக்கு மட்டும் ஒரு வரி எழுது. அதன் பிறகு நீ சொல்கிறபடியே செய்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 1

தம்பிக்கு,

நலமா? ஒவ்வொரு நாளும் மதியம் தபால்காரர் வந்து போகும்வரை வாசலையே பார்த்திருந்தேன். உன் வரி வரவில்லை.

நேற்று மூன்று மணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், நீ சொன்னபடியே. தம்பியின் ஆய்வேட்டிலிருந்து எடுத்தேன், மூலத்தைச் சொல்லாமல் வகுப்பில் குறிப்பாகச் சொன்னேன், தவறு என்னுடையது. அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண் போனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். என் பணிப்பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறும் என்று தலைமை ஆசிரியை சொன்னார். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, நல்ல மனுஷி. "சொந்தத் தம்பிதானே, ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, ஃபைல்ல போட்டு மூடிடலாம்" என்றார்.

எழுதி அனுப்பு.

அக்கா

செப்டம்பர் 9

என் அன்பு அக்காவுக்கு,

நீ நீடூழி வாழ வேண்டும். எங்கள் எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். அம்மா இருந்திருந்தால் என்ன செய்திருப்பாளோ அதை நீ செய்திருக்கிறாய். போன கடிதத்துக்குப் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே, நேர்காணல் வந்துவிட்டது. நன்றாக நடந்தது. மூவரில் ஒருவரைக் கழித்துவிட்டார்கள், மீதி இருவரில் நானும் ஒருவன்.

நீ கேட்ட கடிதத்தை இணைத்திருக்கிறேன், பல்கலைக்கழகத் தாளிலேயே அச்சடித்து. அலுவலகத்தில் இதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, அதைத்தான் நிரப்பினேன். இப்படி இருக்கிறது:

"எனது ஆய்வேட்டின் பகுதிகளை மேற்படி ஆசிரியை உரிய அனுமதியின்றிப் பயன்படுத்தியது பதிப்புரிமை குறித்த அறியாமையால் நேர்ந்ததெனக் கருதுகிறேன். அவர்மீது நடவடிக்கை எதையும் நான் கோரவில்லை. இனி இத்தகைய தவறு நேராது என நம்பி, பெருந்தன்மையுடன் மன்னிக்கிறேன்."

விடுமுறைக்குக் கட்டாயம் வா. பாப்பா அத்தை எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தம்பி

அக்டோபர் 6

தம்பிக்கு,

பாப்பாவுக்கு என் முத்தம். நான் விடுமுறைக்கு வரவில்லை.

உன் மன்னிப்பைப் படித்தேன். அறியாமை, பெருந்தன்மை. கையில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டு, திருத்த ஒன்றுமில்லாமல் மூடி வைத்தேன். படிவத்தில் பிழை இருக்காது. அதைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்திருப்பேன், சத்தியமாக. என் பெயரில் ஒரு கறை என்றால் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். வகுப்பில் நடந்ததுதான் என்னைப் புரட்டிப் போட்டது.

இப்போது ஒரு புது விதி போட்டிருக்கிறார்கள். ஆசிரியர்கள் குறிப்பு சொன்னால் அது யாருடையது என்றும் சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேப்புக்கு விதி என்றால் விதி. நான் ஒரு வாக்கியம் சொன்னால் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மிஸ், இது யாரோடது?" என்று கேட்கிறாள். குத்தலாகக் கேட்கவில்லை, அவளுக்குக் குத்தத் தெரியாது. பதில் வந்தால்தான் எழுதுவாள். மழை மேலேயிருந்து கீழே பெய்கிறது என்றாலும் கேட்பாள் போலிருக்கிறது. ஒரு வாரம் பாடப்புத்தகம், பாடப்புத்தகம் என்றே சொல்லித் தப்பித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வண்டல் பற்றி ஒன்று சொன்னேன். அது என்னுடையது, அந்த நிமிடம் தோன்றியது. கேட்டாள். என்னுடையது என்றேன். எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து நிமிர்ந்து பார்த்து, "அப்போ ஆறு வளையறது மட்டும் உங்க தம்பி சாரோடதா மிஸ்?" என்றாள்.

என் பொய்யால் தேர்வு எழுதப் போகிறவள் அவள். எதிரே உட்கார்ந்து என்னைத் திருடி என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், அப்படி நம்பியும் என்னிடம் மரியாதையாகக் கேட்கிறாள். சுண்ணக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, "இல்ல. அதுவும் என்னோடதுதான்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, நோட்டில் பழைய பக்கத்தைத் திருப்பி என் பெயரை எழுதிக்கொண்டாள்.

மறுநாள் பச்சை மைக் கையெழுத்து நோட்டையும் உன் மன்னிப்பையும் ஒன்றாகச் சேர்த்துத் தலைமை ஆசிரியை மேசையில் வைத்தேன். அவர் இரண்டையும் உன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறார். வேறு யார் வாயாலும் கேட்பதற்கு முன்னால் நீ என் வாயால் கேட்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். எனக்கு நிம்மதி ஒன்றும் வந்துவிடவில்லை. பாப்பா படிப்பு, வீடு என்று நீ எழுதிய வரியை இன்னும் எடுத்து எடுத்துப் படிக்கிறேன்.

அக்கா

நவம்பர் 18

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைக் கேட்காதே.

உன்னைத் திட்டி நான்கு கடிதம் எழுதினேன், நான்கையும் கிழித்தேன். பதவி இன்னொருவருக்குப் போய்விட்டது. வீட்டில் பாப்பாவின் அம்மா என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். துறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது.

பல்கலைக்கழகம் விளக்கம் கேட்டிருக்கிறது, எழுத்தில், பதினைந்து நாளுக்குள். அதை வைத்துத்தான் பட்டத்தை முழுதாகப் பறிப்பதா, அந்த அத்தியாயத்தை மட்டும் திருப்பி எழுதச் சொல்வதா என்று முடிவு செய்வார்கள். அளந்த எண்கள் என்னுடையவை என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஐந்து நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். இதற்கு அலுவலகத்தில் படிவம் இல்லை. "நான்" என்று எழுதுகிறேன், அதற்கு மேல் பேனா நகரவில்லை.

அக்கா, நீயே ஒன்று எழுதி அனுப்பிவிடேன். என்ன நடந்ததோ அப்படியே எழுது, என்னை எவ்வளவு மோசமாக வேண்டுமானாலும் எழுது. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

தம்பி

நவம்பர் 21

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நீ சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுது. நாங்கள் இருக்கிறோம். எதுவானாலும் இந்த வீட்டில் உனக்கும் பாப்பாவுக்கும் இடம் உண்டு, மாமாவும் அதையேதான் சொன்னார்.

கடிதத்தைப் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்தேன். அரை மணிகூட ஆகவில்லை, உன் விளக்கத்தை எழுதிவிட்டேன். நன்றாக வந்திருந்தது. படித்தால் எவனும் உன்னை மன்னித்துவிடுவான், நானே மன்னித்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். உறையில் போட்டு உன் முகவரியும் எழுதி, ஸ்டாம்பும் ஒட்டினேன். தபால் பெட்டி வரை போனேன். அங்கே நின்று, இதிலும் நீ கையெழுத்து மட்டும் போட்டு உன்னுடையது என்று கொடுப்பதை நினைத்துப் பார்த்தேன். திரும்பி வந்து அடுப்பில் காட்டி எரித்துவிட்டேன்.

நீ எழுது. எட்டு நாள் போனால் என்ன, இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வாக்கியம் கோணலாக வரட்டும், சொன்னதையே சொல்லட்டும், எத்தனை பிழை வேண்டுமானாலும் இருக்கட்டும். அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டாதே. காட்டினால் என் கை சும்மா இருக்காது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா